செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரி

வலது கை உள்ளே போகவில்லை. இடது கை சுலபமாகப் போய்விட்டது. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. வலது பக்கச் சட்டைக் கை மட்டும் முழங்கையைத் தாண்டியதும் நின்றுகொண்டு, இனி நகரமாட்டேன் என்றது.

"இழுக்காதீங்க அண்ணி, கிழிஞ்சிடும்," என்றாள் சின்னவள்.

"சரியான அளவுதானே வாங்கினேன்." அழுதழுது அண்ணியின் மூக்கு சிவந்திருந்தது. "அவளோட பழைய சட்டை ஒண்ணைக் கடைக்கே எடுத்துட்டுப் போய், கைமேல கை வச்சுப் பாத்துத்தான் வாங்கினேன்."

"எந்தக் கை மேல?"

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். "இடது கை."

சின்னவளுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் இரண்டு கைகளும் இரண்டு பேருக்குச் சொந்தமானவை போல இருக்கும். சிறுமியாக மட்டை பிடிக்க ஆரம்பித்த வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை உருண்டு திரண்டு கிடக்கும். இடது கை பாவம், சும்மா கூட வந்த விருந்தாளி. தையல்காரர் இரண்டு கைகளையும் தனித்தனியாக அளந்துவிட்டு, "இது ஒரே ஆளுக்குத்தானா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஆறு மாதம் புற்றுநோய் தின்றது. கன்னம் போயிற்று, தொடை போயிற்று, முடி போயிற்று. அந்தக் கையை மட்டும் அதனால் முழுசாகத் தின்று முடிக்க முடியவில்லை.

அந்த இறுதிச்சடங்குக் கூடத்தில் உடல்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற பெண் ஒரு கத்தரிக்கோலை நீட்டினாள். "அடித்தையலப் பிரிச்சிட்டு, கைய உடம்போட ஒட்டி வச்சிடலாம். வெளிய தெரியாது."

"தெரிஞ்சா தெரியட்டும்," என்று சின்னவள் கத்தரிக்கோலை வாங்கினாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாளெல்லாம் குறுக்கே வருகிறவர்களைத் திட்டிப் பழகிய வாய். பொறுமை என்பது அவளுக்குச் சிவப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு மட்டும்தான். தையலைப் பிரித்து, கையை நுழைத்து, மடிப்பை நீவிவிட்டபோது அக்காவின் உள்ளங்கை அவள் விரலில் பட்டது. மட்டைப் பிடி உரசி உரசிக் காய்த்த இடங்கள் அப்படியே இருந்தன. அவற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது, பெட்டியில வைக்கலாம்," என்றாள்.

கூடத்துக்கு வந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

ஆளுயரச் சட்டம். அதில் அக்கா ஆட்ட உடையில், இரண்டு கைகளாலும் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பையை மார்போடு அணைத்தபடி, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பொன்னெழுத்தில் 'நம் சாம்பியன்' என்று போட்டிருந்தது. அண்ணன் அதைப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தி, விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காதபடி சரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது என்ன?"

"படம்."

"இது யாரு கப்புன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்." அவன் திரும்பவில்லை. "மெதுவாப் பேசு. அம்மா உக்காந்திருக்காங்க."

அது அக்காவின் கோப்பை இல்லை. பதினான்கு வருஷம் இறகுப்பந்தே தொழிலாக ஊர் ஊராக, நாடு நாடாகப் போனவள் அக்கா. பெரிய போட்டி எதையும் அவள் ஜெயித்ததில்லை. பெரிய போட்டிகளில் செவ்வாய்க்கிழமை தகுதிச் சுற்று நடக்கும். அரங்கம் காலியாக இருக்கும். பாதி விளக்குகளைப் போட்டிருக்கமாட்டார்கள். தரை துடைக்கிறவர்தான் பார்வையாளர். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அக்கா இரண்டு ஆட்டம் ஆடி, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முதன்மைச் சுற்றுக்குள் நுழைவாள். புதன்கிழமை உலகின் முதல் பத்து இடங்களில் இருக்கும் யாராவது ஒருத்தி அவளை வீட்டுக்கு அனுப்புவாள். ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்த பெயரே 'செவ்வாய்க்கிழமை'தான். "நாளைக்கு யாரோட ஆட்டம்?" "செவ்வாய்க்கிழமையோட." "ஐயோ, செத்தோம்." இப்படித்தான் பேசிக்கொள்வார்களாம், அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

தோற்ற அன்று வீட்டுக்கு ஃபோன் வரும். "இருபத்தொண்ணுக்குப் பதினெட்டு, பதினேழு. தோத்துட்டேன். சாப்பிடப் போறேன்." அவ்வளவுதான். காற்று அடித்தது, கால் பிசகியது, நடுவர் ஏமாற்றினார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆட்டத்துக்குள் அவள் நடுவரோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது, மஞ்சள் அட்டை கூட வாங்கியிருக்கிறாள். ஆனால் முடிந்துவிட்டால் முடிந்ததுதான்.

படத்திலுள்ள கோப்பை அவளைத் தோற்கடித்தவர்களில் ஒருத்தியுடையது. மாற்ற முடியாத மலிவு டிக்கெட் என்பதால், அக்கா புதன்கிழமை தோற்றும் ஞாயிறுவரை அந்த ஊரிலேயே கிடந்து, இறுதி ஆட்டத்துக்கு முன் தன்னைத் தோற்கடித்தவளுக்கே பயிற்சிக்குப் பந்தடித்துக் கொடுத்து, கடைசியில் மேடைப் பக்கம் நின்றிருந்தபோது எவரோ எடுத்த படம். அன்று ராத்திரியே சின்னவளுக்கு அனுப்பியிருந்தாள், 'அடுத்தவ வீட்டுப் பாத்திரம், செம கனம்' என்று எழுதி.

"தெரிஞ்சுமா வச்சே?" என்றாள் சின்னவள்.

அண்ணன் இப்போது திரும்பினான். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தையும் மழமழவென்று சவரம் செய்திருந்தான். "ஆபீஸ்ல பதினாலு வருஷமா கேப்பாங்க. 'தங்கச்சி ஜெயிச்சாச்சா?' இல்லீங்க, தோத்துட்டா. அடுத்த மாசம் கேப்பாங்க. இல்லீங்க. ஒரு கட்டத்துல கேக்கறதையே விட்டுட்டாங்க. பரிதாபப்பட்டு விட்டாங்க. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. இன்னிக்கு எல்லாரும் வராங்க. இன்னிக்கு ஒரு நாளாவது அவ ஜெயிச்சிட்டுப் போகட்டுமே."

அவன் குரல் உடைந்தது. அதனால்தான் சின்னவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அழுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

"உலகத்துல நாப்பத்தொண்ணாவது இடம் வரைக்கும் போனவ அண்ணா. இந்த உலகம் மொத்தத்துலயும் அவளுக்கு மேல நாப்பது பேர்தான் இருந்தாங்க. உன் வேலையச் செய்யறவங்கள்ல நீ எத்தனாவது?"

"இப்ப எதுக்கு என்னை இழுக்கறே?"

"நான் பஸ் ஓட்டறவங்கள்ல எத்தனாவதுன்னு நீ கேளு, சொல்றேன்."

"சாம்பியன்னு ஒரு வார்த்தை. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

சின்னவளுக்கு நெஞ்சுக்குள் தெளிவாக இருந்தது. இந்தப் பொய்யைப் போர்த்தினால், அக்கா வாழ்ந்த பதினான்கு வருஷமும் வெளியே காட்டிக்கொள்ள லாயக்கில்லாதது என்று வீட்டாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். தோற்றதை மறைக்க வேண்டும் என்றால் தோற்றது அசிங்கம் என்று அர்த்தம். அக்காவுக்கு அது அசிங்கமாக இருந்ததே இல்லை.

முன்வரிசையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "படம் நல்லா இருக்கு. எப்படிச் சிரிக்கறா பாரு. ஏம்ப்பா, அந்தப் பாத்திரம் நம்ம வீட்டுல எங்க இருக்கு? நான் பாத்ததே இல்லையே."

அண்ணன் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "கிளப்ல வச்சிருக்காங்கம்மா."

"வாங்கிட்டு வா. வீட்டுல இருக்கட்டும்."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வந்து உட்கார்ந்தாயிற்று. சின்னவள் அண்ணனைப் பார்த்தாள்; அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அலுவலகத்துக்காரர்கள் கூட்டமாக வந்து, படத்துக்கு முன் நின்று, "இவ்வளவு பெரிய ஆளா, சொல்லவே இல்லையே சார்" என்றார்கள். அண்ணன் தலையாட்டினான். ஊர் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் மலர்வளையத்தோடு வந்து, கோப்பையைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார். அக்கா உயிரோடு இருந்தபோது பயிற்சிக்கு அரங்கம் கேட்டுப் போனால், பிள்ளைகள் வகுப்பு முடியட்டும் என்று வெளிவாசலில் உட்கார வைத்தவர் அவர்தான். இப்போது, "நானே நாலு வார்த்தை பேசறேன்," என்று அண்ணனின் தோளைத் தட்டினார்.

அப்புறம் யாருக்கும் தெரியாத பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, இருவர், நால்வர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பள்ளி ஆசிரியை போலிருந்தாள். ஒருத்தி மருந்துக்கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். ஒருத்தியின் இடுப்பில் தூங்கும் குழந்தை. பெட்டியருகே வந்து, அக்காவின் வலது கையைப் பார்த்துவிட்டு, முன்னால் இடம் இருந்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மடங்காத முழங்கால்களை நடைபாதையில் நீட்டிக்கொண்டார்கள்.

"யாரு இவங்க?" என்றான் அண்ணன் மெதுவாக.

"அக்காவத் தெரிஞ்சவங்க," என்றாள் சின்னவள்.

கூடத்தில் திடீரென்று ஒரு சலசலப்பு எழுந்தது. கைப்பேசிகள் உயர்ந்தன. வாசலில் கறுப்பு உடையில், எந்த நகையும் இல்லாமல் நின்றவளை எல்லோருக்கும் தெரியும். விளம்பரப் பலகைகளில் பார்த்த முகம். இரண்டு முறை உலகப் பட்டம் வாங்கியவள். அந்தக் கோப்பைக்குச் சொந்தக்காரி. அவளுக்குச் சொல்லியனுப்பியது சின்னவள்தான். வருவாள் என்று நினைக்கவில்லை.

பட்டத்துக்காரி நேராகப் பெட்டிக்குப் போனாள். குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கியவள், தன் கோப்பையைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அவசரமாக அவளருகே போய்க் காதில் என்னவோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். பெரிய மனசோடு தலையை அசைத்தாள்.

சின்னவள் அவளைப் பின்பக்க நடையில், தண்ணீர் இயந்திரத்தின் அருகே பிடித்தாள்.

"என்ன சொன்னான் எங்க அண்ணன்?"

"நீங்க தங்கச்சியா? அதே மூக்கு." காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்தபடி அவள் சொன்னாள். "பேசச் சொன்னார். படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னார். நீங்க கவலைப்படாதீங்க. யாராவது கேட்டா அவ கப்புன்னே சொல்லிடறேன். எங்கிட்ட வீடு நிறையக் கப்பு கெடக்கு. ஒண்ணு அவளுக்குப் போனா என்ன?"

"எங்க அக்காகூட எத்தனை தடவ ஆடினீங்க?"

"பதினோரு தடவ."

"அவ எத்தனை ஜெயிச்சா?"

பட்டத்துக்காரி தயங்கினாள். "ஒண்ணும் இல்ல."

"அந்தப் பதினொண்ணுல எத்தனை பாயிண்ட் விட்டுக் குடுத்தீங்க?"

"விட்டுக் குடுக்கறதா? ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு விட்டுக் குடுக்கறீங்க?"

குவளை நிரம்பி வழிந்து, தண்ணீர் அவள் விரல்களில் ஓடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவளுக்குத் திருப்பி அடிக்க முடியாதுன்னுதானே?" என்றாள் சின்னவள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. "உங்க பெரிய மனசெல்லாம் சரி. எங்க அக்காவுக்கு வேண்டாம். அவ தோத்தது அவளுக்குச் சொந்தம். ஒவ்வொண்ணும் வேர்த்துச் சம்பாதிச்சது. அதப் புடுங்கிட்டு உங்க வீட்டுல மிச்சமான பாத்திரத்தக் குடுக்காதீங்க."

யாரும் தன்னோடு அப்படிப் பேசி நாளாகியிருக்கும் போலும். பட்டத்துக்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். பேச ஆரம்பித்தபோது அது மேடைக்குரல் இல்லை.

"ஒரு தடவ நான் ரொம்ப முன்னால இருந்தேன். ஜெயிச்சாச்சுன்னு கொஞ்சம் அசால்ட்டா ஆடினேன். ரெண்டு மூணு பந்தைச் சும்மா வலையில அடிச்சேன். பக்கம் மாறும்போது உங்க அக்கா கிட்ட வந்து, 'கை வலிக்குதா?'ன்னு கேட்டா. இல்லன்னேன். 'அப்ப ஒழுங்கா ஆடு. நான் வேலைக்கு வந்திருக்கேன்'னா. அதுக்கப்புறம் என்னை விரட்டின விரட்டு இருக்கே... பத்தொம்பது வரைக்கும் கொண்டுவந்துட்டா." அவள் தண்ணீரைக் குடிக்காமலே குவளையைக் கீழே வைத்தாள். "உங்க அண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"எங்க அண்ணன நான் பாத்துக்கறேன்."

கூடத்தில் செயலாளர் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். நம் மண்ணின் புகழ், சிங்கப்பெண், கோப்பைகளின் நாயகி என்று அவருக்கு வார்த்தைகள் சரசரவென்று வந்து விழுந்தன. இறகுப்பந்து என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர் உட்கார்ந்ததும் அண்ணன் பட்டத்துக்காரியை அழைத்தான். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுக்கும்போது நன்றியோடு ஒரு முறை பார்த்தான். சின்னவளுக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இந்தக் கப்பு என்னோடது," என்றாள் பட்டத்துக்காரி.

யாரோ இருமினார்கள்.

"அன்னிக்குப் பரிசு குடுக்கறப்ப என் ஷூ நாடா அவுந்திருந்துது. 'ஒரு நிமிஷம் பிடி'ன்னு இவ கையில குடுத்துட்டுக் குனிஞ்சேன். 'தூக்கிட்டு ஓடிடவா?'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சா. அதத்தான் நீங்க பாக்கறீங்க." அவள் ஒலிவாங்கியை மாற்றிப் பிடித்தாள். "இவ சாம்பியன் இல்ல. எங்கூடப் பதினோரு தடவ ஆடி, பதினோரு தடவயும் தோத்தா. ஒவ்வொரு தடவயும் வலைகிட்ட வந்து கை குடுப்பா. என் விரல் நொறுங்கற மாதிரி பிடிப்பா. 'அடுத்த தடவ'ம்பா. சும்மா சொல்றதில்ல, நெசமாவே சொல்லுவா. நான் பட்டம் வாங்கின போட்டிகள்ல யாரைப் பாத்தும் பயந்ததில்ல. அட்டவணையில இவ பேரு எனக்கு எதிரா வந்திருக்குன்னா மட்டும் முந்தின நாள் சீக்கிரம் படுத்துடுவேன். எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

அவள் போய் உட்கார்ந்தாள். அலுவலகத்துக்காரர்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். செயலாளர் மலர்வளையத்தின் நாடாவைச் சரிசெய்தார்.

"அப்ப அந்தப் பாத்திரம் நம்மளுது இல்லையா?" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அண்ணன் சின்னவளைப் பார்த்தான். நீதானே, என்றது அந்தப் பார்வை. இத்தனை பேர் முன்னால் அவளை மறுபடியும் தோற்க வைத்துவிட்டாயே என்றது. அவன் கண்கள் நிறைந்திருந்தன. ஒரு கணம் சின்னவளுக்கே தான் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது. செத்த வீட்டில் உண்மை பேசி யாருக்கு என்ன லாபம்? இந்த அமைதி இப்படியே நீண்டால் இவர்கள் வெறும் பரிதாபத்தைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அக்காவைப் பாவம் என்று சொல்லிக்கொண்டே பேருந்து ஏறுவார்கள்.

அவள் எழுந்தாள். ஒலிவாங்கி அவளுக்கு எதற்கு? நெரிசல் நேரத்தில் வண்டியின் கடைசிப் படிவரை கேட்கிற குரல் அது.

"எங்க அக்காகிட்ட தோத்தவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மருந்துக்கடைச் சீருடைக்காரி கையைத் தூக்கினாள். "மூணு தடவ," என்றாள்.

"நான் ரெண்டு," என்றாள் ஆசிரியை போலிருந்தவள்.

"எனக்கு அஞ்சு. அஞ்சும் செவ்வாய்க்கிழமை."

பின்னால் சிரிப்பு கிளம்பியது. முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. குழந்தைக்காரி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கையைத் தூக்கினாள். ஒருத்திக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. இடது கையைத் தூக்கினாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரரும் கையைத் தூக்கினார். "நான் நடுவர். வாதாடித் தோத்திருக்கேன்," என்றார். கடைசி வரிசை முழுக்கக் கைகள். அதற்கு முந்திய வரிசையிலும் கைகள். காய்த்த உள்ளங்கைகள், பட்டை சுற்றிய மணிக்கட்டுகள். அக்காவிடம் தோற்று, புதன்கிழமையையே பார்க்க முடியாமல் போனவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

பட்டத்துக்காரி மட்டும் தூக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையைப் போலத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மா திரும்பி உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு நேராக அண்ணனைப் பார்த்தாள். அவளுக்கு மறந்திருக்காது. வீட்டுச் சந்தில் துணிக்கொடியை வலையாக வைத்து ஆடிய ஒரு மாலையில், தன்னைவிட நாலு வயது இளைய, இப்போது பெட்டியில் கிடக்கும் தங்கையிடம் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்று, மட்டையைப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் எறிந்துவிட்டு, அதோடு விளையாட்டையே விட்டவன் அவன்.

படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த அண்ணனின் கை மெல்ல மேலே வந்தது. தோள் உயரத்தில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் நேராக உயர்ந்தது. கையை இறக்காமலே, இன்னொரு கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.